தொண்ணூற்றேழாம் வட்டம்

கூட்டம் காலை ஒன்பது பத்துக்கு. சீட்ஸ்கெ ஒன்பது ஏழுக்கே வந்துவிட்டாள். எல்லோரும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். வடக்கு நீர்வழிப் பாலங்கள் வாரியத்தில் மூன்று நிமிடம் முன்னால் வருவதும் தாமதத்தில் ஒரு வகை.

தோளில் ஒரு காகிதச் சுருள் வைத்திருந்தாள். விரித்தால் நான்கு மீட்டர்.

"தரைவிரிப்பா?" என்று கேட்டார் இயக்குநர் டிடெரிக்.

"பாலம்," என்றாள்.

லாங்கெவீர் தூக்குப்பாலம். இதுவரை அதன் பக்கத்திலேயே ஒரு சிறிய அறை இருந்தது. கப்பல் வந்தால், உள்ளே இருக்கும் ஆள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுப் பாலத்தைத் தூக்குவார். மார்ச் பதினேழாம் தேதி முதல் அந்த அறை கிடையாது. முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கட்டடத்தில் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் பொத்தானை அழுத்துவார். அதற்குள் இந்த ஏற்பாட்டில் ஆபத்து ஒளிந்திருக்கிறதா என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். சீட்ஸ்கெக்கு அதுதான் வேலை.

பாலத்தில் நான்கு காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. தடுப்புக்கட்டைகள் இறங்குகின்றன. மோட்டார் தூக்குகிறது. கேமரா படம் அனுப்புகிறது. பொத்தானின் கட்டளை கம்பியில் போகிறது. ஒவ்வொன்றும் இருக்கக்கூடிய நிலைகள் ஐம்பத்தெட்டு. தனியாகப் பார்த்தால் பயமில்லை. நான்கும் சேர்ந்து நடக்கும்போது ஒன்றோடொன்று பெருக்கிக்கொள்கின்றன. ஒரு கோடியே பதின்மூன்று லட்சம் நிலைகள். நிலைக்கு ஒரு வட்டம் என்று வரைந்தால் காகிதம் ஜெர்மன் எல்லையைத் தாண்டிவிடும்.

சீட்ஸ்கெ ஏழு மாதம் உட்கார்ந்து அதை இருநூற்றுப் பன்னிரண்டு வட்டங்களாகச் சுருக்கியிருந்தாள். ஒன்றையும் மறைக்காமல், ஒன்றையும் பொய்யாக்காமல். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. வாரியத்தில் யாரிடமும் காட்டிக்கொண்டதில்லை. வடக்கில் கர்வத்தை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வருவார்கள்.

"எப்படிச் சுருக்கினீங்க?" என்றார் டிடெரிக்.

"கேன்டீன்ல ரெண்டு பேர் நிக்கிறாங்கன்னு வைங்க. ஒருத்தர் ரொட்டியில வெண்ணெய் தடவுறார். இன்னொருத்தர் மோர் ஊத்துறார். யார் முதல்ல முடிச்சாலும் தட்டுல வர்றது ஒண்ணுதான். அதனால ரெண்டு வரிசையையும் தனித்தனியா வரைய வேண்டாம். ஒண்ணு போதும்."

"நல்லா இருக்கே."

"ஆனா ரெண்டு பேருக்கும் வேணுங்கிறது ஒரே கத்தின்னா, யார் முதல்லங்கிறது முக்கியம். அங்க சுருக்க முடியாது. நம்ம பாலத்துல கத்தி எதுன்னா, கம்பி. படமும் பொத்தான் கட்டளையும் ஒரே கம்பியில போகுது."

யாரும் கம்பியைப் பற்றிக் கேட்கவில்லை. சட்ட ஆலோசகர் மௌக் குறிப்பேட்டில் 'மோர்' என்று எழுதிக்கொண்டார்.

"அப்புறம், வெளியில இருந்து பாக்குறவருக்கு வித்தியாசம் தெரியாத ரெண்டு நிலையை ஒண்ணாச் சேர்த்துடலாம். வெளியே தெரியாத அசைவுக்கு மௌன அசைவுன்னு பேரு. அதையும் மறைச்சிடலாம்."

டிடெரிக் பேனாவைக் கீழே வைத்தார். "வெளியில தெரியாததை மறைச்சிடலாமா? சட்டப்படியா?"

"கணக்குப்படி."

"முப்பது வருஷமா நாங்க அதைத்தான் செய்யுறோம். அதுக்குன்னு ஒரு கணக்கே இருக்குன்னு இத்தனை நாள் தெரியாமப் போச்சே!"

எல்லோரும் அளவாகச் சிரித்தார்கள்.

சீட்ஸ்கெ சுருளை மேசைமேல் ஓட்டினாள். அது மேசையைத் தாண்டி, தொங்கி, செய்தித் தொடர்பு அதிகாரி அன்னெமீக்கின் காலடியில் போய் நின்றது. தொண்ணூற்றேழாவது வட்டத்தில் சீட்ஸ்கெ விரல் வைத்தாள். அந்த ஒன்று மட்டும் சிவப்பு.

"இதைத்தான் நீங்க பார்க்கணும். படம் கம்பியில திணறி நிக்குது. திரையில தெரியுறது பழைய படம். அதுல பாலம் காலி. இயக்குறவர் 'தூக்கு'ன்னு அழுத்துறார். அது இடுக்குல புகுந்து போயிடுது. அப்புறம் சந்தேகம் வந்து 'நிறுத்து'ன்னு அழுத்துறார். அது படத்துக்குப் பின்னால வரிசையில நிக்குது. பாலம் ஏறிக்கிட்டே இருக்கு. மேல ஆள் இருக்காங்க."

டிடெரிக் சுருளின் நீளத்தைக் கண்ணால் அளந்தார்.

"அழகா வரைஞ்சிருக்கீங்க," என்றார் டிடெரிக். "உழைப்பு தெரியுது. ஆனா ஒரு தாள்ல அடங்கலையே."

வாரியத்தின் முன் வைக்கப்படும் எந்த ஆவணமும் ஒரே ஏ-ஃபோர் தாளில், ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும் என்பது விதி. எளிமைக்காகக் கொண்டுவந்தது. அந்த விதியை விளக்கும் கையேடு நூற்று நாற்பது பக்கம்.

"இதுக்கு மேல குறைச்சா அது வேற பாலமாயிடும்," என்றாள் சீட்ஸ்கெ.

"அதுல என்ன சங்கடம்?" என்றார் மௌக், உண்மையாகவே புரியாமல்.

அன்னெமீக் குனிந்து சிவப்பு வட்டத்தைப் படித்தாள். "'மேலே ஆள்'னு போட்டிருக்கீங்க. படிக்கிறவங்க மனசுல உடனே ஒரு படம் வந்துடுது."

"வரணும்."

"வரக்கூடாதுங்கிறதுக்குத்தான் எனக்கு வேலையே குடுத்திருக்காங்க."

மௌக் தொண்டையைச் செருமினார். "நான் சட்டத்தைச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. எழுதி வச்சா நமக்குத் தெரியும்னு ஆயிடும். தெரிஞ்சிருந்து நடந்தா அது பொறுப்பு. தெரியாம நடந்தா அது துயரம். துயரத்துக்கு நாம கடிதம் தயாரா வச்சிருக்கோம். நல்ல கடிதம். அன்னெமீக்தான் எழுதினாங்க."

"நன்றி, மௌக்."

"தேதியும் பேரும் மட்டும் போட்டா போதும்."

டிடெரிக் இரு கைகளையும் விரித்தார். "நம்ம வாரியத்துல யாரும் யாருக்கும் மேல இல்லை. அது நான் எடுத்த முடிவு. அதனால எல்லாரையும் கேக்குறேன். இந்தச் சுருள் ஒரு தாளா வரணும். யாருக்காவது எதிர்ப்பு உண்டா?"

"எனக்கு உண்டு," என்றாள் சீட்ஸ்கெ.

"நல்லது. பதிவு பண்ணிக்குவோம். சீட்ஸ்கெக்கு எதிர்ப்பு இருக்குன்னு எல்லாரும் ஒத்துக்கிறீங்களா?"

ஒத்துக்கொண்டார்கள். சீட்ஸ்கெயும் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. உண்மைதானே.

"அப்ப ஒருமனதா முடிஞ்சது," என்றார் டிடெரிக்.

*

மறுநாள் அவள் கட்டுப்பாட்டு நிலையத்துக்குச் சைக்கிளில் போனாள். எதிர்காற்று. ரூலோஃப் தன் ரொட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தாறு வயது. லாங்கெவீர் அறையில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தவர். மார்ச் பதினேழாம் தேதி இந்தத் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து பொத்தானை அழுத்தப்போகிறவரும் அவர்தான். இப்போது ஒத்திகை. லாங்கெவீரோடு இன்னும் மூன்று பாலங்கள் அவர் கையில்.

"வாம்மா வட்டக்காரி. என் பாலத்தை எத்தனை வட்டமாக்குனே?"

"இருநூத்திப் பன்னிரண்டு. ஒரே தாள்ல வேணுமாம்."

"என் பொண்டாட்டி கடைக்குக் குடுக்குற சீட்டே ரெண்டு பக்கம்."

சீட்ஸ்கெ அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் லாங்கெவீர் பாலம் தெரிந்தது. ஈரத் தார், இரண்டு தடுப்புக்கட்டைகள், விளக்குக்கம்பம், அதன்மேல் ஒரு கடற்புறா.

"அந்தப் புறாவைப் பாரு," என்றார் ரூலோஃப். "நவம்பர்ல ஒரு நாள் நாப்பது நொடி அது அசையவே இல்லை. அந்தப் பிறவி அப்படி நிக்காது. தலையைத் திருப்பும், இறக்கையைக் கொத்தும், யார் சைக்கிள்லயாவது எச்சம் போடும். நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். நாப்பது நொடி. அப்புறம் பார்த்தா புறா இல்லை, பாலத்து நடுவுல ஒரு தபால்காரர். எங்கிருந்து வந்தார்? வானத்துல இருந்தா?"

"படம் நின்னுருக்கு."

"வாரியத்துக்கு எழுதிக் கேட்டேன். பதில் வந்துச்சு. கடற்புறா இந்த அமைப்பின் பகுதி அல்லன்னு." ரொட்டியைக் கடித்தார். "அங்க எனக்கு ஒரு ஜன்னல் இருந்துச்சு."

"ஜன்னலும் குளிர்ல உறையும், ரூலோஃப்."

"உறையும். ஆனா உறைஞ்சிருக்குன்னு கண்ணுக்குத் தெரியும்ல? சுரண்டிட்டுப் பார்ப்பேன்."

அவள் சிவப்பு வட்டத்தைப் பற்றிச் சொன்னாள். எண்ணையும் சொன்னாள். அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"தொண்ணூத்தேழு," என்றார். "அதுல பொத்தானை அழுத்துறது யாரு?"

"இயக்குறவர்."

"பேரு சொல்லு."

அவள் அவர் விரல்களைப் பார்த்தாள்.

"இருபத்திரண்டு வருஷத்துல நான் நசுக்கினது ஒரு சைக்கிள் மட்டும். அதுலயும் ஆள் இல்லை. ஒரு குடிகாரன் போட்டுட்டுப் போனது." ரூலோஃப் ரொட்டி சுற்றியிருந்த காகிதத்தை நான்காக மடித்தார். "அந்த வட்டம் உன் தாள்ல இருக்கிற வரைக்கும் அவங்க ஏதாவது செஞ்சாகணும். இல்லையா?"

"ஆமா."

"அது தாள்ல இருந்து போச்சுன்னா முதல்ல எனக்குச் சொல்லு. செய்தித்தாள்ல வர்றதுக்கு முன்னாடி."

"சொல்றேன்."

*

இரண்டாவது கூட்டத்துக்கு ஒரே ஒரு பொருள்தான்: வெளியிலிருந்து பார்ப்பவர் யார்?

அந்தக் கேள்வியை எழுப்பியவள் சீட்ஸ்கெதான். அது அவள் செய்த தவறு. இந்தக் கணக்கில் எல்லாம் பார்ப்பவரைப் பொறுத்தது. அவருக்கு எது தெரிகிறதோ அது மிஞ்சும், மற்றது மௌனமாகிவிடும். அவள் வரைந்த சுருளில் பார்ப்பவர் பாலத்தின்மேல் நடந்து போகும் ஒருவர். அதைச் சொன்னால் பயந்து ஒப்புக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தாள்.

"அதாவது, பார்ப்பவரை நாமதான் தேர்ந்தெடுக்கணும்?" என்றார் டிடெரிக்.

"தேர்ந்தெடுக்கிறதுன்னு இல்லை. பாலத்து மேல யார் போறாங்களோ..."

"அவங்க எல்லாரும் அவசரத்துல போறவங்க," என்றாள் அன்னெமீக். "சரியாப் பார்க்க மாட்டாங்க."

"நமக்கு ஓட்டுப் போட்டவங்களும் இல்லை," என்றார் மௌக். "பாதிப் பேர் பக்கத்து மாகாணம்."

டிடெரிக் எழுந்து ஜன்னலருகே போனார். மூன்றாவது மாடி. கீழே சைக்கிள் நிறுத்தும் இடமும், அதற்கு அப்பால் இன்னோர் அலுவலகத்தின் சுவரும் தெரிந்தன.

"நான் நேர்மையாப் பேசுறேன்," என்றார். "பதினோரு வருஷமா நான் இந்த நாற்காலியில இருக்கேன். என் கீழ நூத்தி அறுபது பாலம். இந்த ஜன்னல்ல இருந்து ஒண்ணுகூடத் தெரியாது. ஆனாலும் நூத்தி அறுபதும் ஏறுது, இறங்குது. இதுல இருந்து நான் என்ன கத்துக்கிட்டேன்? பாக்குறது அவசியமே இல்லை. பாக்குறதுல இருந்துதான் கவலை ஆரம்பிக்குது. பாலத்துக்கு நம்பிக்கை வேணும். நம்பிக்கை தூரத்துல இருந்துதான் வரும்."

கைதட்டல் இல்லை. வடக்கில் கைதட்ட மாட்டார்கள். மௌக் தலையை ஒரு முறை அசைத்தார். அது பெரிய விஷயம்.

"பார்ப்பவர் வாரியம்தான்," என்று முடித்தார் டிடெரிக்.

இரண்டு மணி நேரம் வட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். வாரியத்துக்கு இது தெரியுமா? தெரியாது. மௌன அசைவு. தடுப்புக்கட்டை இறங்குவது தெரியுமா? தெரியாது. மோட்டார் சத்தம்? கேட்காது. கப்பல் ஊதுவது? காற்று தெற்கிலிருந்து வீசினால் கேட்கக்கூடும் என்றார் ஒருவர். தெற்குக் காற்றைப் பற்றி ஆராய ஒரு துணைக்குழு அமைத்தார்கள். அன்று பகல் உணவுக்குள் முப்பத்தேழு வட்டங்கள் மிஞ்சின. பாலாடைக்கட்டி ரொட்டி சாப்பிட்டுவிட்டு வந்து ஒன்பதாக்கினார்கள்.

தொண்ணூற்றேழாவது வந்தபோது சீட்ஸ்கெ அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

"இதுல ஒருத்தர் சாவாங்க."

"அது நமக்குத் தெரியுமா?" என்று கேட்டார் டிடெரிக், மென்மையாக.

"நான்தான் சொல்றேனே!"

"நீங்க சொல்றது தெரியுது. நடக்கிறது தெரியுமான்னு கேக்குறேன். நடந்த பிறகு தெரியும். அப்ப அது வேற நிலை. அதுக்கு வேற துறை இருக்கு."

"எத்தனை தடவை நடக்கும்?" என்றார் மௌக்.

"எத்தனை தடவைன்னு இந்தக் கணக்கு சொல்லாது. நடக்க முடியும்னு சொல்லும்."

"முடியும்ங்கிறது ஒரு கருத்துதான்."

அவள் கையை எடுக்கவில்லை. கூட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். ஒருவர் கையை மேசையிலிருந்து எடுக்க வைப்பதற்கான நடைமுறை கையேட்டில் இல்லை.

*

அடுத்த வாரம் டிடெரிக்கின் பிறந்தநாள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். உள்ளே வந்த ஒவ்வொருவரும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து, டிடெரிக்குக்காக வாழ்த்துச் சொன்னார்கள். பத்தொன்பது பேர். சீட்ஸ்கெ பத்தொன்பது முறை வாழ்த்தினாள். தலைக்கு ஒரு துண்டு கேக். பிறகு பெட்டியை மூடிவிட்டார்கள்.

பிறந்தநாளில் வேலையைப் பற்றிப் பேசுவது நாகரிகம் இல்லை. முடிவெடுக்கலாம்.

"உங்களுக்கு உண்மையிலேயே என்ன வேணும், சீட்ஸ்கெ?" என்றார் டிடெரிக். இப்படிக் கேட்டால் சமரசம் வரப்போகிறது என்று அர்த்தம். இந்த நாட்டில் கடலையே சமரசத்தால்தான் வெளியே நிறுத்தியிருக்கிறார்கள்.

அவள் யோசித்து வைத்திருந்தாள். "ஒரு கடிகாரம்."

"கடிகாரமா?"

"படத்தோட மூலையில. நொடி காட்டுறது. படம் ஓடினா நொடி ஓடும். படம் நின்னா நொடியும் நிக்கும். இயக்குறவருக்கு உடனே தெரிஞ்சிடும். கம்பியை மாத்த வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஒரு சின்னக் கடிகாரம் மட்டும்."

வட்டத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு சிறியதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

"கடிகாரம் நல்லது," என்றாள் அன்னெமீக். "நேரம் தவறாமைன்னு ஒரு நல்ல எண்ணம் வரும்."

"சட்டப்படி தடையில்லை," என்றார் மௌக். "கடிகாரத்துக்குக் காரணம் எழுதாம இருந்தா."

"அப்ப கடிகாரம் வருது, தொண்ணூத்தேழு போகுது," என்றார் டிடெரிக். "ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக் குடுக்கிறோம்."

சீட்ஸ்கெ கேக்கைப் பார்த்தாள். கடிகாரம் இருந்தால் அந்த வட்டத்துக்கு வழி அடைபடும். வழி அடைபட்ட வட்டம் தாளில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? கணக்கு சரியாகத்தான் இருந்தது. இரண்டு முறை சரிபார்த்தாள்.

"சரி," என்றாள்.

"வாழ்த்துகள்," என்றார் பக்கத்து நாற்காலிக்காரர், எதற்கென்று சொல்லாமல்.

அன்று பிற்பகலே ஒன்பது வட்டங்களும் ஒன்றாயின. வாரியத்துக்கு வெளியே தெரிவது ஆண்டறிக்கை ஒன்றுதான், அதுவும் எப்போதும் ஒரே மாதிரி இருக்கிறது, ஆகவே எல்லா நிலைகளும் ஒரே நிலை என்று மௌக் எடுத்துக்காட்டினார். சீட்ஸ்கெ சொல்லிக்கொடுத்த அதே கணக்கு. பிழை காண அவளாலும் முடியவில்லை. தாளின் நடுவில் ஒரு வட்டம். அதிலிருந்து கிளம்பும் ஓர் அம்பு வளைந்து அதே வட்டத்துக்குத் திரும்பி வந்தது. கீழே அவள் கையெழுத்து. தாளில் இன்னும் நிறைய இடம் மிச்சம் இருந்தது.

ரூலோஃபுக்குப் போன் செய்தாள். வாக்குக் கொடுத்திருந்தாளே.

"போச்சா?" என்றார்.

"தாள்ல இருந்து போச்சு. ஆனா படத்துல கடிகாரம் வருது. நொடி நின்னா படம் நின்னுருக்குன்னு அர்த்தம். அப்ப அழுத்தாதீங்க."

"நொடி ஓடினா?"

"படம் ஓடுது. அழுத்தலாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அப்ப இனிமே புறாவைப் பார்க்க வேண்டாம்," என்றார். "நல்லதாப் போச்சு. அது மூஞ்சியைப் பாத்துப் பாத்து எனக்கு அதோட ஜாடையே வந்துடுச்சுன்னு வீட்டுல சொல்றாங்க."

*

மார்ச் பதினேழு. மூன்றாவது மாடியில் தாளைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். தலைநகரிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். காபிக் கோப்பைகளில் அந்த வட்டத்தை அச்சடித்திருந்தார்கள், அம்போடு. அந்த யோசனையைச் சொன்னவள் அன்னெமீக்.

"ஒரு கோடியே பதின்மூணு லட்சத்துல இருந்து ஒண்ணு," என்று தொடங்கினார் டிடெரிக். "இதை நல்லாப் பாருங்க. இதுக்குள்ள வர்ற வழி கிடையாது. வெளிய போற வழியும் கிடையாது. கிளம்புறது கிளம்பின இடத்துக்கே வந்து சேருது. இதுல விபத்துக்கு இடமில்லை. ஏன்னா இதுல எதுக்குமே இடமில்லை. நண்பர்களே, நம்ம வாரியத்தை இவ்வளவு சரியா யாரும் வரைஞ்சதில்லை."

தலைநகரிலிருந்து வந்தவர்கள் இதைக் குறித்துக்கொண்டார்கள். அவர்களிடமும் பாலங்கள் இருந்தன.

சீட்ஸ்கெ தன் கோப்பையோடு கதவருகே நின்றிருந்தாள். அன்னெமீக்கும் ஒரு கோப்பையோடு வந்தாள்.

"முகத்தை ஏன் அப்படி வச்சிருக்கே? உன் கடிகாரமும் வந்தாச்சு. பெரிசா, பச்சையில, அழகா இருக்கு. நேத்து நானே போய்ப் பார்த்தேன்."

"நல்லா ஓடுதா?"

"ஓடுதாவா! கேமராக்காரங்க துடைக்கிறதுக்காகக் கேமராவையே கழட்டியிருந்தாங்க. அப்பக்கூட ஒரு நொடி பிசகாம ஓடிச்சு."

சீட்ஸ்கெ அவளைப் பார்த்தாள்.

"கேமராவைக் கழட்டினப்ப கடிகாரம் ஓடிச்சா?"

"அதைத்தானே சொல்றேன். முதல்ல கேமராவுலதான் வைக்கிறதா இருந்துச்சு. அப்படி வச்சா சில நேரம் நின்னு நின்னு ஓடுதுன்னு சொன்னாங்க. நிக்கிற கடிகாரம் பார்க்க நல்லாவா இருக்கும்? நான்தான் மாத்தச் சொன்னேன். இப்ப கடிகாரத்தைத் திரையே ஓட்டுது. நிக்கவே நிக்காது."

சீட்ஸ்கெ கோப்பையை எதன்மேல் வைத்தாள் என்று அவளுக்குத் தெரியாது. தரையில் உடைந்த சத்தம் கேட்டது. நடைபாதையில் ஓடினாள். வாரியத்தில் யாரும் ஓடுவதில்லை. இருவர் அவளுக்கு வழிவிட்டு, உடம்பு சரியில்லையா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.

அவள் அறைக்குள் நுழைந்தபோது மேசைமேல் போன் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்தாள்.

"வட்டக்காரி." ரூலோஃபின் குரல். கிண்டல் இல்லை. "கப்பல் ஊதுச்சு. கட்டையை இறக்கினேன். பாலம் காலி. நொடி ஓடுது. நீ சொன்ன மாதிரி பார்த்துட்டுத்தான் 'தூக்கு' அழுத்தினேன். இப்ப ஏறிக்கிட்டு இருக்கணும். திரையில ஏறலை. பார்த்தேன், கம்பத்து மேல அந்தப் புறா அசையலை. 'நிறுத்து' அழுத்திட்டேன். வரிசையில நிக்குதுன்னு காட்டுது. நொடி இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு."

அவர் மூச்சு விடுவது கேட்டது.

"சீட்ஸ்கெ, இது தொண்ணூத்தேழா?"